பாழ்பட்ட கோயிலும் பணிசெய்யும் கைகளும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் புதுக்கோயில் கட்டுவதைப் பற்றியதன்று. இடிந்ததை எடுப்பித்தலைப் பற்றியது. இதனை வடமொழியில் ஜீர்ணோத்தாரணம் என்பர். தமிழில் நாம் திருப்பணி என்ற ஒரே சொல்லால் புதியது கட்டுவதையும் பழையதைப் பேணுவதையும் சேர்த்தே குறித்துவிடுகின்றோம். ஒரே சொல் இரண்டு வேலைக்கும் வழங்குவதால், பழையதைத் தரைமட்டமாக்கிவிட்டுப் புதியது கட்டுகிறவரும் தாம் திருப்பணி செய்வதாகவே எண்ணிக்கொள்கிறார். அவர் பத்தியிற் குறைவில்லை. ஆனால் அவர் செய்தது வேறு, இடிந்ததை எடுப்பித்தல் வேறு.

இந்த வேறுபாட்டை விளக்க, நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கின்றது. மன்னாருக்கு அண்மையில், மாதோட்டத்தில், பாலாவிக் கரையில் உள்ள திருக்கேதீச்சரத்தைச் சொல்லுகின்றோம். 7ஆம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தரும், பின்னர் சுந்தரரும் தேவாரம் பாடிய தலம் அது. அக்காலத்தில் மாதோட்டம் ஒரு பெருந்துறைமுகம். சீனத்துப் பீங்கானும் பாரசீகத்து மட்பாண்டமும் அங்கே வந்திறங்கின என்பதை 1980ஆம் ஆண்டு தொடங்கி நடந்த அகழாய்வுகள் காட்டின. சோழர் காலத்தில் தாழி குமரன் என்பவர் அதே மாதோட்டத்தில் இராசராச ஈச்சரம் என்று வேறொரு கோயிலை எடுப்பித்துக் கல்வெட்டும் பொறித்து வைத்தார். அவருடைய கோயில் இன்றில்லை, கல்வெட்டு மட்டும் எஞ்சியிருக்கின்றது. அந்தக் கல்லைச் சுமந்துவந்தவர் யார், செதுக்கியவர் யார் என்று அதில் எழுதவில்லை. கல்வெட்டுகளின் வழக்கம் அப்படித்தான். கொடுத்தவன் பெயர் நிற்கும், சுமந்தவன் பெயர் நில்லாது. இப்பொழுதும் நம் கோயில்களில் குழாய் விளக்கு வாங்கிக்கொடுத்தவர் பெயர் அந்த விளக்கின் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு எழுதப்படுகின்றது. அந்த விளக்கை ஏணிவைத்து ஏறி மாட்டிய பையனை யாரும் கேட்பதில்லை.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துக்கேயர் கையால் திருக்கேதீச்சரம் அழிந்தது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்கும் வேறு கட்டடங்களுக்கும் போயின என்பது வழிவழியாக வந்த செய்தி. அதன் பின்னர் முந்நூறு ஆண்டுகள் அங்கே இருந்தது காடு. பாடல் பெற்ற தலம் ஒன்று இந்த இடத்தில் இருந்தது என்பதைத் தேவாரம் ஓதியவர்கள் நெஞ்சிலே வைத்திருந்தார்களேயன்றி, கண்ணாற் காண எதுவும் இருக்கவில்லை.

1872ஆம் ஆண்டில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் சைவ மக்களைப் பார்த்து இத்தலத்தை மீட்டெடுங்கள் என்று வேண்டுகோள் விடுத்தார்கள். அடுத்த வருடமே வேலை தொடங்கிற்றோ என்றால், இல்லை. 1879இல் நாவலர் சிவபதமடைந்தார்கள். காணியை ஏலத்தில் வாங்கியது 1893இல். செட்டிமாரும் யாழ்ப்பாணத்துச் சைவ அன்பர்களும் முன்னின்று 40 ஏக்கருக்கு மேற்பட்ட அரசாங்கக் காட்டுக் காணியை வாங்கினார்கள். வேண்டுகோளுக்கும் காணி உறுதிக்கும் நடுவே 21 வருடங்கள்! ஒரு தீர்மானம் நிறைவேற்றி ஒரு மாதமாகியும் காரியம் ஆகவில்லையே என்று சலித்துக்கொள்ளும் நம் வாலிபர்கள் இந்த 21 வருடத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காணி கைக்கு வந்தபின் என்ன செய்தார்கள்? காட்டை வெட்டினார்கள், மண்ணைத் தோண்டினார்கள். அக்காலத்தில் மண்வாரி இயந்திரம் ஏது? கோடரி, கத்தி, மண்வெட்டி, அலவாங்கு, கூடை, இவற்றைப் பிடித்த மனிதக் கை. 1894இல் அப்படித் தோண்டியபோதுதான் பழைய சிவலிங்கமும் வேறு சில விக்கிரகங்களும் வெளிப்பட்டன. இன்றைய இயந்திரம் அந்த இடத்தில் இறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சிந்தித்துப் பாருங்கள். இரும்புப் பல் ஒரு வாரலில் மூன்று முழ மண்ணைக் கொண்டுபோய்விடும். அதற்குள் இலிங்கம் இருந்ததா, வெறுங்கல் இருந்ததா என்று இயந்திரத்துக்குத் தெரியாது, அதை ஓட்டுகிறவருக்கும் தெரியாது. மண்வெட்டி பிடித்தவனுக்குத் தெரியும். வெட்டு கல்லிற் பட்டவுடன் கை அதிரும். அவன் நிறுத்துவான், குனிவான், விரலால் மண்ணை விலக்குவான்.

திருக்கோணமலையிலும் இப்படியே நடந்தது. அங்கும் பழைய கோயில் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது. 1950இல் கிணறு ஒன்றுக்காக நிலத்தை வெட்டிய தொழிலாளரின் மண்வெட்டியில் தட்டுப்பட்டவை, அன்றைய அன்பர்கள் மறைத்து வைத்த செப்புத் திருமேனிகள். 1956இல் கடலுக்குள் மூழ்கித் தேடியவர்கள் பாறையடியில் பழைய கோயிற் தூண்களையும் இலிங்கத்தையும் கண்டார்கள். 1963இல் கோணேசர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது.

திருக்கேதீச்சரத்துக்கு மீண்டும் வருவோம். 1903இல் சிறியதொரு கோயில் அமைத்துக் கும்பாபிஷேகம் செய்தார்கள். அதன்பின் வேலை தளர்ந்தது. 1948இல் கொழும்பில் திருப்பணிச் சபை அமைந்தது. சேர் கந்தையா வைத்தியநாதன் அவர்கள் அதன் தூணாக நின்றார்கள். அரசாங்கத்தின் மிக உயர்ந்த உத்தியோகங்களில் இருந்து மந்திரியாகவும் விளங்கியவர்கள். அவர்கள் 1965இல் மறைந்தார்கள். பெருங்கும்பாபிஷேகம் 1976இல் நிகழ்ந்தது. நாவலரைப் போலவே இவரும் தாம் தொடங்கியதன் நிறைவைக் காணவில்லை. பின்னர் வந்த போர்க்காலத்தில், 1990இல், அந்தச் சுற்றாடல் இராணுவ முகாமாயிற்று. அடியார் வரவு அற்றது. போர் ஓய்ந்தபின் இந்திய அரசின் உதவியோடு, மாமல்லபுரத்துச் சிற்பிகள் கருங்கல்லிற் செதுக்க, புதிய திருப்பணி நடந்து 2022 ஜூலையில் மறுபடியும் கும்பாபிஷேகமாயிற்று. நாவலரின் வேண்டுகோளிலிருந்து எண்ணினால் சரியாக 150 வருடம்.

இங்கே ஒன்றை மட்டும் நீங்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். 1894இல் வெளிப்பட்ட பழைய இலிங்கத்தை, மூலஸ்தானத்தில் வேறு இலிங்கம் பிரதிஷ்டையான பிறகும், அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. மேற்கு வீதிப் பக்கமாக அதை மகாலிங்கம் என்று வைத்தார்கள். சிவராத்திரியன்று போய்ப் பாருங்கள். பாலாவியில் குடத்தை முக்கி நீரெடுத்து வந்து, சாதி, ஊர், ஆண், பெண் என்ற பேதமின்றி எல்லாரும் தத்தம் கையாலேயே அதற்கு நீராட்டுகின்றார்கள். அந்தக் கோயிலில் மற்றெல்லாம் புதிதாயிற்று. மண்ணுக்குள் கிடந்த அந்த ஒரு கல்லுக்குத்தான் எல்லார் கையும் எட்டுகின்றது.

மன்னார் எங்கே, பதுளை எங்கே, இதையெல்லாம் நமக்கு ஏன் சொல்லுகிறீர்கள் என்று சிலர் நினைக்கலாம். நம் மூதாதையர் இந்த மலைக்கு எந்த வழியால் வந்தார்கள்? கோப்பிக் காலத்தில், புகைவண்டிப் பாதை வருமுன், தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடக்குப் பாதை என்ற காட்டுவழியால் தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்குக் கால்நடையாக நடந்தார்கள். வழியிலே பேதியாலும் காய்ச்சலாலும் இறந்தவர் பல்லாயிரம். அந்த நடையை நினைந்து 2023இல், மலையகம் 200 என்ற பெயரில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து பெருநிலத்துக்குக் கடந்தவுடன் இருக்கும் இடந்தான் மாதோட்டம். ஆகவே, மூட்டையும் பிள்ளையுமாக நம் முன்னோர் அவ்வழியே நடந்த நாளில், திருக்கேதீச்சரம் பாதைக்குப் பக்கத்திலேயே காட்டுக்குள் புதைந்து கிடந்தது. அங்கே ஒரு கோயில் உண்டு என்று அவர்களுக்குச் சொல்லுவார் இல்லை. அவர்கள் மலைக்கு வந்தபின் தம் கையால் தமக்கென்று கோயில் எழுப்பிக்கொண்டார்கள். மரத்தடியில் ஒரு கல், அதன்மேல் மஞ்சள், அதற்குமேல் ஒரு தகரக் கூரை. முதலில் மாரியம்மன், முனியாண்டி. பிறகு தொழிலையே தெய்வமாக்கி, கவ்வாத்து மலையில் கவ்வாத்துச்சாமி, தொழிற்சாலைச் சக்கரத்தருகே ரோதைமுனி. உலகத்தில் வேறு எந்தச் சைவ நூலிலும் இந்தத் தெய்வங்களின் பெயர் இராது. இவை நம் தோட்டங்களில் பிறந்தவை.

அன்பர்களே, திருக்கேதீச்சரத்தை அழித்தவன் வெளியிலிருந்து வந்தான். நம் தோட்டத்துப் பழங்கோயில்களை அழிக்க யாரும் வரவேண்டியதில்லை. நாமே அந்தக் காரியத்தைத் தாம்பூலம் வைத்துச் செய்கின்றோம். கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். உடனே கூட்டம் கூடுகிறது, தீர்மானமாகிறது, பழைய மூலஸ்தானம் ஒரே நாளில் உடைபடுகிறது. செங்கல்லும் படிக்கல்லும் ரோட்டுப் பள்ளத்தை நிரப்பப் போகின்றன. நூறு வருடத்துக்கு முன்னே ஒரு கங்காணி எழுதிவைத்த உபயக்கல் கழுவுகல்லாகிறது. அந்த இடத்தில் சீமெந்துக் கோபுரம் எழும்புகிறது. அதில் ஆறு நிறம், எழுபது பொம்மை. கும்பாபிஷேக மலரும் வெளியாகிறது. அந்த மலரில் கோயிலின் வரலாறு என்று அரைப்பக்கந்தான் இருக்கும். ஏனெனில் வரலாறு கல்லிலே இருந்தது, கல் பள்ளத்திலே கிடக்கிறது.

பெரியோர்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டோம். “தம்பிமாரே, நூறு வருடமாகத் தகரக் கொட்டிலில் அம்மாளை வைத்துக் கும்பிட்டோம். தொங்கலில் இருக்கிற துரை பங்களாவுக்கு ஓடு, நம் தெய்வத்துக்குத் தகரம். இன்றைக்கு நமக்கு வசதி வந்திருக்கிறது. கோபுரம் கட்டுவது குற்றமா?” குற்றமில்லை. வறுமையின் அடையாளத்தை யாரும் வைத்துப் போற்ற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. லயத்தைப் பற்றியும் நம் கருத்து அதுவே. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்தவனிடம் போய், லயம் சரித்திரச் சின்னம், இடியாதே என்று சொல்வது மனிதத் தன்மையன்று. அவனுக்கு வீடு வேண்டும், காணி வேண்டும். ஆயினும் கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு பழைய லயத்தை மட்டும் அப்படியே பேணி, 2007இல் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்சாலையாக்கி வைத்திருக்கின்றார்கள். நூறு லயம் போகட்டும், ஒன்று நிற்கட்டும். நம் பேரப்பிள்ளை அந்த அறைக்குள் ஒருமுறை நின்று பார்த்தால், நாம் ஆயிரம் பக்கம் எழுதியும் விளங்காதது அவனுக்கு விளங்கும்.

கோயிலுக்கும் அதுபோல ஒரு வழி இருக்கின்றது. ஆயிரம் வருடத்துக்கு முன்னரே அந்த வழியைக் காட்டியவர் ஒரு பெண். சோழப் பேரரசி செம்பியன் மாதேவியார் தமிழ்நாட்டில் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக மாற்றினார். திருக்கோடிகாவலில் அப்படி மாற்றும்போது, பழைய கற்களில் இருந்த சாசனங்களை எல்லாம் படியெடுத்து, புதிய சுவரிலே மறுபடியும் வெட்டுவித்தார். தமக்கு முன் கொடுத்தவர்களின் பெயரைத் தம்முடைய திருப்பணி விழுங்கிவிடக்கூடாது என்று அந்த அம்மையார் நினைத்தார். நாம் கோபுரம் கட்டலாம். கட்டுமுன் பழைய கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ள எத்தனை ரூபாய் செலவாகும்?

இனிக் கைவேலைக்கு வருவோம். நம் சமயத்தில் கையால் கோயில் பேணுவதற்கு ஆசான் அப்பர் சுவாமிகள். திருநாவுக்கரசருடைய திருவுருவத்தை எங்கே கண்டாலும் கையில் உழவாரப்படை இருக்கும். வாளன்று, ஏடன்று, புல்லுச் செதுக்குங் கருவி. தமிழ்நாட்டில் இன்றும் உழவாரப் பணி என்று குழுக்குழுவாகப் போய்ப் பாழ்பட்ட கோயில்களைத் துப்புரவு செய்கின்றார்கள். போற்றற்குரிய தொண்டு. ஆனாலும் அங்கே ஏற்பட்ட கேடும் உண்டு; அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்பு மிகுதியால் அமிலம் ஊற்றிக் கழுவினார்கள், கம்பித் தூரிகையால் தேய்த்தார்கள். கல்லைப் புதிதாக்குகிறோம் என்று மணலை இயந்திரத்தால் பீய்ச்சி அடித்தார்கள். கல்வெட்டின் எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் மணலோடு போயின. பின்னர் அரசாங்கமே அந்த மணல்வீச்சைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. சுவரிலே வேரோடிய அரசங்கன்றைப் பலங்கொண்டமட்டும் பிடித்திழுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். முதலில் மேற்செடியை அறுத்து, வேரைப் பட வைத்து, அது செத்து நெகிழ்ந்தபின் சிறிது சிறிதாக எடுத்து, எடுத்த வெளியை அன்றைக்கே கலவையால் நிரப்ப வேண்டும். கையால் செய்வது என்றால் ஆத்திரத்தோடு செய்வது அன்று.

உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்? பாரிஸ் நகரத்து நோத்ர்தாம் என்ற பழைய தேவாலயம் 2019 ஏப்ரலில் தீப்பிடித்து, மரக்கூரை முழுதும் சாம்பலாயிற்று. செல்வம் மிகுந்த தேசம், இரும்பாலோ கொங்கிறீற்றாலோ விரைவாகக் கூரை போட்டிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. கருவாலி மரங்களை வெட்டி, தச்சர்கள் கைக்கோடரியாலேயே செதுக்கி, பழைய உத்திரங்கள் எப்படி இருந்தனவோ அப்படியே பொருத்தினார்கள். அந்த வேலைக்கென்றே கோடரிகளைக் கொல்லர்கள் புதிதாக அடித்துக் கொடுத்தார்கள். 2024 டிசம்பரில் ஆலயம் திறக்கப்பட்டது. ஆபிரிக்காவில், மாலி தேசத்து ஜென்னே என்னும் ஊரில் களிமண்ணாற் கட்டிய பெரிய பள்ளிவாசல் ஒன்று உண்டு. இப்போதுள்ள கட்டடம் 1907இல் எழுந்தது. மழையில் மண் கரையுமல்லவா? வருடந்தோறும் ஊரே திரண்டு, இளைஞர் சேற்றைக் கூடையில் சுமந்து ஓட, மேசன்மார் சுவரில் ஏறிக் கையாலேயே பூசுகிறார்கள். அது அவ்வூருக்குத் திருவிழா. நம்மவர் திருவிழாவுக்காகக் கோயிலைப் பூசுகிறோம். அவர்களுக்குப் பூசுவதே திருவிழா.

நம் கோயில்களில் பழைய மூலஸ்தானங்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இவற்றின் மேல் சீமெந்து பூசுவதுதான் இன்றைய வழக்கம். சீமெந்து பலமானது, அதில் ஐயமில்லை. அந்தப் பலமே இங்கே கேடு. சுண்ணாம்புச் சுவர் வெயிலுக்கும் மழைக்கும் சிறிது அசையும், உட்புகுந்த ஈரத்தை வெளியே விடும். சீமெந்தோ அசையாது, ஈரத்தையும் விடாது. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, உள்ளிருக்கும் செங்கல்லை மாவாக்கிவிடும். வெளியே பார்த்தால் சுவர் பளபளவென்று நிற்கும். பத்து வருடங் கழித்து ஒருநாள் பூச்சு பாளமாக விழும்போது, அதற்குப் பின்னால் சுவர் இராது.

பழைய முறை இது. சுட்ட சுண்ணாம்பை நீரில் நீற்றி, குழியிலே பல நாள் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு அளவில் கழுவிய மணல் சேர்த்து இடித்துக் குழைக்க வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைத் தமிழ்நாட்டுக் கொத்தர் அதிற் சேர்ப்பர். காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில், பல்லவர் காலத்துக் கைலாசநாதர் கோயிலின் செங்கல் விமானத்தை மரஞ்செடிகள் பிளந்து கிடந்தன. அதை அண்மைக்காலத்தில் எடுப்பித்தவர்கள் சீமெந்தை விலக்கி இத்தகைய சுண்ணாம்புச் சாந்தையே கையாண்டார்கள். இது மந்திரமன்று, வேதியலே. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் சுண்ணக் கல்லாகிறது. அதற்குக் காலம் வேண்டும். சீமெந்துக்கு ஒரு மாதம் போதும், சுண்ணாம்புக்கு வருடங்கள்.

இந்த வேலைக்கு நம்மிடம் ஆள் இருக்கிறதா என்று கேட்பீர்கள். ஊவாத் தோட்டங்களின் மலைச்சரிவைப் பாருங்கள். தேயிலை நிரைகளுக்கிடையே கல்மேற் கல் அடுக்கிய அணைகள் எத்தனை மைல்! சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. பெரிய கல் அடியில், சுவர் மலைப்பக்கம் சற்றே சாய்ந்து, மேற்கல் இரண்டு கீழ்க்கற்களின் பொருத்தை மூடி, இடையிடையே உள்ளே ஆழ ஓடும் நீளக்கல், தண்ணீர் கசிந்து போக இடைவெளி. இதை எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. நம் பாட்டன்மார் அலவாங்கும் தோளுமாகச் செய்தார்கள். சீமெந்து பூசிய புதிய தடுப்புச் சுவர், தண்ணீர் போக வழியின்றி ஒரு பெருமழைக்கே புரண்டு கிடப்பதையும், அதற்கு மேலே பழைய கல்லணை அசையாமல் நிற்பதையும் நாம் ஒவ்வொரு வருடமும் காண்கிறோம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க இன்று வெளிநாட்டார் வந்து குவிகிறார்கள். கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக, இரும்புச் சட்டமின்றி எழுந்த பாலம் என்று அவர்களுக்குச் சொல்கிறார்கள். அந்தப் பாலத்தைப் படம் பிடிக்கிறவர் திரும்பி நின்று தேயிலைச் சரிவின் கல்லணையையும் ஒரு படம் பிடித்தால் என்ன?

அப்படிக் கல்லடுக்கத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது. வாலிபர்களே, உங்கள் தாத்தாவிடம் கைப்பேசியைக் காட்டிச் சிரிக்க வைத்தது போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கோயிலடிக்கு அழைத்துப்போய், சரிந்த படிக்கட்டைக் காட்டி, தாத்தா இதை எப்படி அடுக்குவது என்று கேளுங்கள். அவர் முதலில் திட்டுவார், பிறகு கல்லைப் புரட்டிப் பார்ப்பார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டுத் தொல்பொருட் சட்டம் 1940ஆம் ஆண்டினது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவையே அதன்படி இயல்பாகத் தொல்பொருளாகும். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய நாள் அது. நம்மவர் இந்த மலைக்கு வந்ததோ அதற்குப் பின்னர். ஆகவே, அரசு தனியே பிரகடனஞ் செய்தாலன்றி, நம் முன்னோர் இங்கே எழுப்பிய எந்தக் கோயிலும் மடமும் அந்தக் கோட்டுக்கு இப்பால்தான் நிற்கும். அவற்றை இடித்தால் கேட்க அதிகாரி வரமாட்டார். காணியும் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தினுடையது. எனவே மண்வெட்டியை எடுக்குமுன் நிர்வாகத்திடம் கடிதமூலம் அனுமதி பெறுங்கள். 1815க்கு முற்பட்ட எதையேனும் கண்டாலோ, கையை எடுத்துவிட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அது நம் உழவாரத்துக்கு அப்பாற்பட்ட வேலை.

நம் சங்கத்தார் செய்யத்தக்கது இதுதான் என்பது எமது எண்ணம். பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎலை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில் உங்கள் உங்கள் தோட்டத்துப் பழங்கோயிலை முதலில் அளந்து, படம்பிடித்து, கல்லிலும் மணியிலும் வேலிலும் உள்ள எழுத்தை எழுதிக்கொள்ளுங்கள். கிழவிமாரிடம் கதை கேளுங்கள். யார் நட்ட வேல், எந்த வருடத்துத் திருவிழாவில் எந்தச் சண்டையால் கரகம் நின்றது, எல்லாவற்றையும். சண்டையை எழுதாமல் விடாதீர்கள், வரலாற்றில் பாதி அதிலேதான் இருக்கும். பின்னர் ஒரே ஒரு கோயிலை எடுத்து, கையால் செய்யத்தக்க ஒரு சிறு வேலையில் தொடங்குங்கள். கூரையில் ஒழுக்கை அடைத்தல், சுவரடியில் தேங்கும் தண்ணீருக்குக் கானு வெட்டல், இவை இரண்டும் முடிந்தாலே பாதிக் கோயில் தப்பிவிடும். கானு வெட்ட நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். தோட்டங்களில் திருவிழா மாசியிலிருந்து சித்திரை வைகாசி வரை நடக்கும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் எல்லாரும் சீமெந்துக்கு ஓடுகிறார்கள். நம் பகுதிக்குப் பெருமழை ஐப்பசி முதல் தை வரை. அப்போது சுண்ணாம்பு வேலை கூடாது. மழை ஓய்ந்து மாசியில் தொடங்கினால் நல்லது. அது தவறித் திருவிழா முடிந்து ஆனி ஆடியில்தான் முடியும் என்றால், கச்சான் காற்று வீசும். அந்தக் காற்றில் பூச்சு ஒரே நாளில் உலர்ந்து வெடித்துவிடும். ஆகையால் பூசிய சுவருக்குச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, ஒரு வாரத்துக்குக் குறையாமல் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். காலையில் கொழுந்து மலைக்குப் போகுமுன் பெரியவர்களும், மதியம் கோயில் பூசாரியும், மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் என்று முறைவைத்துக்கொண்டால், பீலிக்கும் கோயிலுக்கும் இடையே ஆளுக்கு இரண்டு வாளி போதும்.